போர்க்குற்ற நீதியை இந்திய அரசு உண்மையிலேயே ஆதரிக்கிறதா?

இலங்கை அகதிகள் தங்கியுள்ள மண்டபம் முகாமுக்கு அருகில் வசிப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். போர் பற்றிய சட்டத்தை இந்தியா ஏற்கிறது. விசாரணை என்று வரும்போது பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கிறது.

ஜெனீவா உடன்படிக்கைகளை 1950-இல் உறுதிசெய்த இந்தியா, அவற்றுக்கென 1960-இல் தனிச் சட்டமே இயற்றியது. கொலை, சித்திரவதை போன்ற கொடிய மீறலை வெளிநாட்டில் யார் செய்திருந்தாலும் இங்குள்ள நீதிமன்றம் தண்டிக்கலாம் என்கிறது அதன் 3-ஆம் பிரிவு. ஆனால் அரசோ, அரசு அதிகாரமளித்த அலுவலரோ புகார் கொடுத்தாலன்றி நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்க முடியாது என்று 17-ஆம் பிரிவு தடுத்துவிடுகிறது. அதோடு, 'கொடிய மீறல்' என்பது நாடுகளுக்கிடையிலான போருக்கே உரியது என்பதால், இலங்கையில் நடந்த உள்நாட்டுப் போர் அதற்குள் அடங்காது. மேடையில் இச்சட்டத்தை முழங்குவோர் பலர் இதைச் சொல்வதில்லை. பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டத்தில் இந்தியா கையெழுத்திடவே இல்லை.

ஜெனீவாவில் கூடும் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை குறித்த தீர்மானங்களை 2012, 2013 ஆண்டுகளில் ஆதரித்த இந்தியா, 2014, 2021, 2022 வாக்கெடுப்புகளில் ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்காமல் ஒதுங்கியது. இவற்றுள் 2021-ஆம் ஆண்டுத் தீர்மானம்தான் போர்க்காலச் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்க வழிசெய்தது. எங்கள் மீனவர்களும் படகுகளும் இலங்கைக் கடற்படையிடம் சிக்கிக்கொண்டிருக்கையில் கொழும்பைப் பகைத்துக்கொள்ளலாமா என்று பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன்.

எனினும் வாக்களிக்காமலேயே செய்யக்கூடிய ஒன்று உண்டு. சிரிய உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி ஒருவருக்கு 2022 ஜனவரியில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தபோது, அவ்வழக்கைத் தாங்கி நின்றவை அகதிகளாக வந்தவர்களின் சாட்சியங்களே. இங்கோ, இலங்கையிலிருந்து படகில் வந்து தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனை மணல் திட்டில் இறங்குவோரிடம் யார் படகு, எவ்வளவு பணம் கொடுத்தீர்கள் என்றுதான் விசாரிக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, 2009-இல் எறிகணைக் காயத்துக்குச் சிகிச்சை பெற்ற துண்டுச்சீட்டைக் குடும்ப அட்டையோடு ஒரே பொலித்தீன் பையில் வைத்திருக்கிறார். அதைக் காட்டச் சொல்லி அரசுத் தரப்பில் இதுவரை எவரும் கேட்டதில்லை.

அத்தகைய வாக்குமூலங்களைப் பதிவுசெய்ய ஜெனீவாவில் எவரையும் எதிர்க்க வேண்டியதில்லை, நீதித்துறை அனுபவமுள்ள அலுவலர்களை முகாம்களுக்கு அனுப்பினால் போதும். இலங்கையில் இருக்கும் உறவினருக்கு ஆபத்து வருமோ என்று பலர் அஞ்சுவதால், சொல்பவரின் பெயரைக் காக்கும் ஏற்பாட்டைச் செய்த பிறகே அந்தப் பணியைத் தொடங்க வேண்டும்.