ஆர்னோல்ஃபினி ஓவியத்தின் மூலையில் கிடக்கும் மரக் காலணி குறியீடா, நிஜமாகவே அணிந்ததா?

ஃப்ளெமிஷ் ஓவியர் யான் வான் ஐக் 1434இல் வரைந்த ஆர்னோல்ஃபினி தம்பதி ஓவியத்தில், இடது மூலையில் கழற்றிப் போட்ட ஒரு ஜோடி மரக் காலணியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நிஜமாகவே அணிந்தார்கள். அதற்கான சாட்சியை ஓவியரே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: கட்டையில் ஒட்டியிருக்கும் சேறு.

லண்டன் நேஷனல் கேலரியில் அந்த ஓவியத்தின் முன் நின்றபோது, அதன் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை என்பதே முதலில் வியப்பாக இருந்தது. அவ்வளவு சிறிய பலகையில், சில அங்குலம் மட்டுமே உள்ள இந்தக் காலணியில் தோல் வாரையும், மரத்தின் வெளிறிய நிறத்தையும், தெருச் சேற்றையும் தனித்தனியாக வரைந்திருக்கிறார். எத்தனையோ நாள் போட்டு நடந்த பொருளைக் கண்முன் வைத்துப் பார்த்த கைதான் அப்படி வரையும் என்று அன்றே எனக்குப் பட்டது.

இதற்கு ஆங்கிலத்தில் பேட்டன் என்று பெயர், ஜெர்மனில் டிரிப்பே. நம் ஊர் மரச் செருப்பான பாதக்குறட்டில் வெறுங்காலை வைத்துக் குமிழை விரலிடுக்கில் பிடித்து நடப்போம். பேட்டனை அப்படி அணிவதில்லை; ஏற்கெனவே போட்டிருக்கும் தோல் காலணியோடு காலை வாருக்குள் நுழைக்க வேண்டும். அதாவது, காலணிக்குப் போடும் காலணி. படகு போலக் குடைந்து செய்யும் டச்சு மரச் செருப்பும் வேறு வகை.

தோல் காலணிக்கு ஏன் இன்னொரு பாதுகாப்பு? அந்தக் காலத்துக் காலணியின் தையலில்தான் விடை இருக்கிறது. உட்புறம் வெளியே தெரியும்படி தைத்து முடித்து, பிறகு தலையணை உறையைப் புரட்டுவது போல மொத்தத்தையும் புரட்டி எடுப்பார்கள். புரட்ட வேண்டுமென்றால் தோல் வளைந்து கொடுக்க வேண்டும். ஆகவே அடித்தோல் ஒற்றையாக, மெல்லியதாகத்தான் இருக்கும். மழையும் சாணமும் குதிரை மூத்திரமும் கலந்த தெருவில் அதை மட்டும் போட்டு நடந்தால் சீக்கிரமே ஊறிப்போகும். கூரான முனை வைத்த காலணி நாகரிகமானபோது கட்டையின் முன்பக்கமும் அந்த முனையைத் தாங்குவதற்காகக் கூடவே நீண்டது. ஆர்னோல்ஃபினி ஜோடியில் அந்த நீட்சியைத் தெளிவாகப் பார்க்கலாம்.

மண்ணிலிருந்து கிடைத்தவை ஓவியத்தோடு அழகாகப் பொருந்துகின்றன. லண்டனில் தேம்ஸ் கரையை மரச்சுவர் எழுப்பி ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டே போனார்கள். சுவருக்குப் பின்னால் ஊர்க் குப்பையைக் கொட்டி நிரப்பினார்கள். நீர் தேங்கிக் காற்றுப் புகாத மண்ணாகிவிட்டதால் மரமும் தோலும் மக்காமல் கிடந்தன. சுவர்க் கட்டைகளின் ஆண்டு வளையங்களை எண்ணி, குப்பை கொட்டிய காலத்தையும் கணிக்க முடிகிறது. ஒரே கட்டையில், முன்பாதத்தின் கீழ் ஒன்றும் குதிகாலின் கீழ் ஒன்றுமாக இரண்டு மேடு விட்டுச் செதுக்கியவை அங்கே கிடைத்திருக்கின்றன. அடிக்கட்டையை இரண்டு துண்டாக வெட்டி நடுவில் தோலால் கீல் வைத்தவையும் உண்டு. பல அடுக்குத் தோலையே அடியாகத் தைத்தவை இன்னொரு வகை.

அந்தக் கீல் எதற்கு என்று படித்தபோது எனக்குப் புரியவில்லை. மலைவேம்பில் ஒரு ஜோடி செதுக்கி, மழை பெய்த மறுநாள் மண் பாதையில் நடந்து பார்த்தபின்தான் புரிந்தது. கட்டை வளையாது, பாதமோ வளையும். அடி எடுக்கும்போது குதிகால் கட்டையை விட்டு மேலே எழும்ப, வார் புறங்காலை அறுக்கிறது. அடியைச் சின்னதாக எடுத்து வைத்து, பாதத்தை மொத்தமாகத் தூக்கி நடக்கப் பழகினேன். பிறகு கட்டையை முன்பாதத்தில் அறுத்துத் தோல் வைத்து ஆணி அடித்ததும் நடை பாதிக்குப் பாதி இயல்பாகிவிட்டது. சேற்றில் காலணி நனையவேயில்லை. கல் தரையில் மட்டும் சத்தம் காதைத் துளைத்தது. 1390இல் இங்கிலாந்தின் யார்க் மறைமாவட்டம், பாதிரியார்கள் தேவாலயத்திலும் ஊர்வலத்திலும் பேட்டன் அணிவது மரியாதைக் குறைவு என்று தடை போட்டது எனக்கு வியப்பாக இல்லை.

இது எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. பேட்டன் செய்பவர்கள் விரும்பியது எடை குறைந்த ஆஸ்பென் மரத்தை. அம்புக்கும் அதே மரம்தான் வேண்டியிருந்தது. இங்கிலாந்து வில்லாளிகள் பிரான்ஸைத் தோற்கடித்த அஜின்கோர்ட் போருக்கு அடுத்த ஆண்டு, 1416இல், இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றியின் நாடாளுமன்றம் ஆஸ்பெனில் பேட்டன் செய்யக் கூடாது என்று தடுத்தது. மீறினால் நூறு ஷில்லிங் அபராதம். அம்புக்கு உதவாத கட்டையை மட்டும் பயன்படுத்தலாம் என்று தளர்த்தியது 1460களில்தான். ஒரு நாட்டின் ராணுவத் தேவையோடு மோதும் அளவுக்கு மரம் தின்றது இந்தத் தொழில்!

குறியீட்டுக் கேள்விக்கு வருகிறேன். பைபிளில், எரியும் முட்செடியின் முன் மோசேக்குக் கடவுள் 'செருப்பைக் கழற்று, நீ நிற்பது புனிதமான இடம்' என்று சொன்னதை வைத்து, ஆர்னோல்ஃபினி அறையும் புனிதமானது என்று சில கலை வரலாற்றாளர்கள் வாசித்தார்கள். ஹியூகோ வான் டெர் கூஸ் 1475ஐ ஒட்டி வரைந்து, இப்போது ஃப்ளோரன்ஸ் உஃபிசியில் இருக்கும் போர்டினாரி பலிபீட ஓவியத்தில் இந்த வாசிப்பு நன்றாகவே நிற்கிறது. அங்கே குழந்தை இயேசு தரையில் கிடக்கிறார். யோசேப்பின் பக்கம் ஒற்றை மரக் காலணி தனியே கழன்று கிடக்கிறது. ஆர்னோல்ஃபினி வீட்டுக்கு அவ்வளவு தூரம் போக நான் தயங்குகிறேன். வெளியிலிருந்து வந்த மனிதர் சேறு படிந்த கட்டையை வீட்டுக்குள் கழற்றிப் போட்டிருக்கிறார்; அந்த அளவுக்குத்தான் ஓவியம் உறுதியாகச் சொல்கிறது.

16ஆம் நூற்றாண்டில் தடித்த அடி வைத்துத் தைக்கும் முறை பரவியதும் ஆண்களுக்கு இது மெல்லத் தேவையற்றுப் போனது. இங்கிலாந்துப் பெண்களோ, அடியில் இரும்பு வளையம் பொருத்திய வடிவத்தை 19ஆம் நூற்றாண்டு வரை அணிந்தார்கள். பேட்டன் கைவினைஞர் சங்கத்தின் லண்டன் தேவாலயமான செயின்ட் மார்கரெட் பேட்டன்ஸில், உள்ளே வரும் பெண்கள் பேட்டனைக் கழற்றிவிட்டு வரும்படி கேட்கும் அறிவிப்பு உண்டு.

அடுத்த முறை அந்த ஓவியத்தைத் திரையில் பெரிதாக்கும்போது, பின்னால் விரிப்பின் பக்கமாகவும் பாருங்கள். மனைவியின் காலணிகள் அங்கே இருக்கின்றன. அவை சிவப்பு, அவற்றில் சேறு இல்லை.