இரண்டாம் முறை படிக்கும்போதுதான் பயம்: திகில் செவ்வியல் நாவல்கள் பற்றிக் கேள்வி பதில்

19, 20ஆம் நூற்றாண்டுகளின் மனத்தைக் குலைக்கும் நாவல்களை மறுபடி படிப்பது பற்றி உறுப்பினர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும். முடிவுகளை மறைக்காமல் பேசியிருக்கிறேன். படிக்காத நூல் வந்தால் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி: அக்கா, முடிவு தெரிந்த திகில் கதையை மறுபடி படித்தால் என்ன கிடைக்கும்? பயம் போயிருக்குமே?

முடிவை மட்டும் நம்பி எழுதிய கதையில் போய்விடும், உண்மைதான். நான் இங்கே பேசும் நாவல்களில் பயம் முடிவில் இல்லை, சொல்முறையில் இருக்கிறது. முதல் வாசிப்பில் "அடுத்து என்ன?" என்று ஓடுவோம். இரண்டாவதில் "இதை யார் சொல்கிறார், எதை விட்டுவிட்டுச் சொல்கிறார்?" என்று நிற்போம்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு வசதி உண்டு. மக்கள், தேவர், நரகர் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்று நன்னூல் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறது. படர்க்கையில் அநேகமாக ஒவ்வொரு வினைமுற்றிலும் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லியாக வேண்டிய மொழி நம்முடையது. இந்த நாவல்களில் பல அந்தக் கோட்டின் மேலேயே நடக்கின்றன. அவனா, அதுவா, நானா என்று சொல்பவரே தடுமாறும் வரிகளைப் பென்சிலால் குறியுங்கள். மறுவாசிப்பை அங்கிருந்து தொடங்கலாம்.

கேள்வி: நேரம் குறைவு சார்/மேடம். ஒரே ஒரு நூல் என்றால் எது?

ஸ்டீவன்சனின் 'டாக்டர் ஜெகிலும் மிஸ்டர் ஹைடும்' (1886). மூன்று மணி நேரம் போதும். பத்து அத்தியாயங்கள். முதல் எட்டும் வழக்கறிஞர் அட்டர்சனின் பின்னால் போகின்றன, கடைசி இரண்டும் ஆவணங்கள். இருவரும் ஒருவர்தான் என்பது இன்று உலகத்துக்கே தெரியும். அன்றைய வாசகருக்கு அது கடைசிப் பகுதி வரை தெரியாது. ஆகவே மறுபடி படிக்கும்போது அட்டர்சன் எப்படித் தவறாகவே ஊகிக்கிறார் என்று பாருங்கள். ஜெகிலின் உயிலில், தான் இறந்தால் மட்டுமல்ல, காரணமின்றி மூன்று மாதத்துக்கு மேல் காணாமல் போனாலும் சொத்தெல்லாம் ஹைடுக்கு என்று இருக்கிறது. அட்டர்சனுக்கு இது மிரட்டிப் பணம் பறிக்கும் வேலையாகத் தெரிகிறது. ஜெகில், ஹைடு இருவரின் கையெழுத்தும் ஒத்துப்போவதைக் குமாஸ்தா சுட்டிக்காட்டியதும், கொலைகாரனான ஹைடைக் காப்பாற்ற ஜெகில் போலிக் கடிதம் எழுதிவிட்டார் என்று நினைக்கிறார். தடயம் முழுவதும் கையில் இருந்தும் தன் நண்பரைப் பற்றி ஒரு கண்ணியமான மனிதரால் எதை நினைக்கவே முடியாது என்பதுதான் இந்த நாவல்.

இன்னொன்று, ஜெகில் ஹைடாக மாறக் குடிக்கும் மருந்தில் சேரும் உப்பு. மருந்து பிறகு வேலை செய்யாமல் போவதற்குக் காரணம், முதலில் வாங்கிய உப்பில் ஏதோ கலப்படம் இருந்ததும் அந்தக் கலப்படமே மருந்தை வேலை செய்ய வைத்ததும். ஜெகிலின் மகத்தான கண்டுபிடிப்பு ஒரு கடைச்சரக்கின் அசுத்தம். கடைசி வாக்குமூலத்தில் ஹைடைப் பற்றி எழுதும்போது 'அவன்' என்றே எழுதுகிறார், 'நான்' என்று எழுத வரவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த வரியில் நிறுத்தி, அதற்கு முன்னும் பின்னும் தன்மையும் படர்க்கையும் எங்கே மாறுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: 'ஃபிராங்கன்ஸ்டைன்' இரண்டு பதிப்பாக இருக்கிறதாமே. கையில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எதைப் படிக்கலாம்?

1818 பதிப்பும் 1831 பதிப்பும். அடையாளம் எளிது. 1818இல் மூன்று பாகங்கள், ஒவ்வொன்றிலும் அத்தியாய எண் ஒன்றிலிருந்து தொடங்கும், மொத்தம் 23. 1831இல் ஒரே தொடராக 24. கனவில் கதை வந்ததைச் சொல்லும் மேரி ஷெல்லியின் நீண்ட முன்னுரை 1831க்கு எழுதப்பட்டது, ஆனால் சில பதிப்பகங்கள் அதைப் பழைய பாடத்தோடும் பின்னிணைப்பாகப் போடுவதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். உறுதியான சோதனை எலிசபெத். நாயகன் விக்டரின் அத்தை மகளாக வந்தால் 1818. ஏழைக் குடும்பத்தில் வளர்ந்த, கோமோ ஏரிப் பக்கம் கண்டெடுத்த குழந்தையாக வந்தால் 1831.

முதலில் 1818ஐப் படியுங்கள். 1831இல் விக்டர் அடிக்கடி விதியைக் காரணம் காட்டுகிறான், அதனால் அவன் பொறுப்பு கொஞ்சம் லேசாகிவிடுகிறது. 1818இல் அவன் தானே தேர்ந்தெடுக்கிறான், தானே கைவிட்டு ஓடுகிறான். எனக்கு அந்தக் கடுமையே பிடிக்கும்.

திரைப்படங்கள் மனத்தில் பதித்தவற்றைக் கழற்றி வைத்துவிட்டுப் படிக்க வேண்டும். நாவலில் மின்னல் தாக்கும் ஆய்வுக்கூடக் காட்சி இல்லை. விக்டர் உயிர் கொடுத்த எட்டடி உயரப் படைப்பு சரளமாக, விக்டரைவிட நன்றாகவே பேசுகிறது. மில்டனும் புளூட்டார்க்கும் கேட்டேயும் படித்திருக்கிறது. அதன் கதை நூலின் நட்டநடுவில், கடிதத்துக்குள் விக்டரின் கதை, அதற்குள் இதன் கதை என்று பொதிந்து வைக்கப்பட்டிருக்கிறது. விக்டர் சொல்லச் சொல்ல எழுதியவன், அந்தக் கடிதங்களை எழுதும் கடற்பயணி வால்டன். பிறகு விக்டரே அந்தக் குறிப்புகளைத் திருத்துகிறான். ஆக, படைப்பின் குரல் இரண்டு பேர் வாய் வழியாகத்தான் நம்மிடம் வருகிறது.

கேள்வி: மேலே 'படைப்பு பேசுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் 'அவன்' என்பதா, 'அது' என்பதா?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆங்கிலத்தில் படைப்பு கண் திறக்கும் பத்தியில் மூச்சு விடும்போது அஃறிணை, அடுத்த சில வரிகளில் அங்கங்களை வர்ணிக்கும்போது ஆண்பால். மொழிபெயர்ப்பவர் முழுக்க 'அவன்' என்று சீராக்கினால் அந்த நடுக்கம் காணாமல் போகும். மூலத்தில் மாறும் இடத்தில் தமிழிலும் மாற வேண்டும், வாசகருக்குப் பிழை போலத் தோன்றினாலும் சரி. புதுமைப்பித்தன் இந்த நாவலைத் தமிழில் தந்தபோது வைத்த தலைப்பு 'பிரேத மனிதன்'. அஃறிணையும் உயர்திணையும் இரண்டே சொல்லில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

கேள்வி: 'டிராகுலா'வைக் கோட்டைப் பகுதி முடிந்ததும் இரண்டு முறை பாதியில் வைத்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பலர் விழும் இடம் அதுதான். முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பிறகு டிராகுலா கண்ணிலேயே அதிகம் படமாட்டான். வேகம் குறைகிறது என்று தோன்றும். ஒரு தாளில் நாட்காட்டி போட்டுக்கொண்டு படியுங்கள். நாட்குறிப்புகள் மே 3இல் தொடங்கி நவம்பர் 6இல் முடிகின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே தேதி, எழுதியவர், அன்று டிராகுலா எங்கே என்று மூன்று பத்திகள். லண்டனில் ஒருவர் சாதாரணமாக எழுதும் நாளில் அவன் பக்கத்துத் தெருவில் இருப்பது உங்களுக்குத் தெரியும், எழுதுபவருக்குத் தெரியாது. சலிப்பு அங்கே திகிலாக மாறும். டிராகுலாவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங்கின் நீண்ட பேச்சுகளை வேகமாகக் கடந்தால் ஒரு நஷ்டமும் இல்லை.

டிராகுலா ரத்தம் குடித்த லூசிக்கு நான்கு ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக ரத்தம் கொடுக்கும் பகுதியில் நிதானியுங்கள். ரத்த வகைகளை லாண்ட்ஸ்டைனர் விளக்கியது 1901இல், நாவல் வந்தது 1897இல். பொருந்தாத ரத்தம் ஆளைக் கொல்லும் என்பது இன்றைய வாசகருக்குத் தெரியும். காட்டேரியைவிட வைத்தியம் பயமாக இருக்கும்.

எல்லாருடைய பதிவுகளையும் தட்டச்சு செய்து, தேதி வாரியாக அடுக்கி, நகலெடுப்பவள் மீனா. டிராகுலா கையெழுத்துப் பிரதிகளை நெருப்பில் போட்டும் கதை பிழைத்தது அவள் எடுத்த நகலால். ஆனால் கடைசிக் குறிப்பில் அவள் கணவன் ஜொனாதனே சொல்கிறான்: கையில் இருப்பதில் அசல் ஆவணம் அநேகமாக இல்லை, வெறும் தட்டச்சுத் தாள்கள். இவ்வளவு பேரைச் சாட்சிக்கு இழுத்த நாவல் கடைசியில் சாட்சியத்தையே கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. முடிவில் அவனைக் கொல்வது மரக்கூர் அல்ல என்பதையும் கவனியுங்கள். கழுத்தில் ஒரு கூர்க்காக் கத்தி, நெஞ்சில் ஒரு வேட்டைக் கத்தி.

கேள்வி: காஃப்காவின் 'உருமாற்றம்' கதையில் கிரிகோர் மாறுவது கரப்பான்பூச்சியாகவா, வண்டாகவா?

இரண்டும் இல்லை. முதல் வரியின் ஜெர்மன் சொல், வீட்டில் வைத்திருக்கக் கூடாத அருவருப்பான பூச்சி புழு வகைகளுக்கெல்லாம் பொதுப்பெயர். பீ வண்டு என்று அழைப்பது வேலைக்காரக் கிழவி மட்டுமே, அதுவும் கூப்பிடும் சொல்லாக. 1915இல் நூலுக்கு அட்டை போட்டபோது பூச்சியை வரையவே வேண்டாம், தூரத்தில்கூடக் காட்ட வேண்டாம் என்று காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதினார். அட்டையில் வந்தது முகத்தைப் பொத்தியபடி கதவை விட்டு விலகும் ஒரு மனிதன்.

மறுவாசிப்பில் பார்க்க வேண்டியது பெயர்கள். மூன்றாம் பகுதியில், அண்ணன் பெயரை இதன் முன் உச்சரிக்க மாட்டேன் என்று தங்கை சொல்கிறாள், அதே பேச்சில் அவன் 'அது' ஆகிறான். அவன் செத்ததைக் கிழவி அறிவிக்கும் சொல் விலங்குகளுக்கே உரியது. தமிழில் "இறந்துவிட்டான்" என்று போட்டால் கதையையே கெடுத்ததாகும், "செத்துக் கிடக்குது" என்றுதான் வர வேண்டும். இன்னொரு நுட்பம்: அதுவரை அப்பா, அம்மா என்று சொல்லிவந்த கதைசொல்லி, அவன் செத்த பிறகு அவர்களைத் திரு சாம்சா, திருமதி சாம்சா என்கிறார். மகன் போனதும் உறவுப்பெயரும் போய்விட்டது. எனக்குத் தெரிந்து உலக இலக்கியத்தில் இதைவிடக் குளிர்ந்த மாற்றம் குறைவு.

கேள்வி: ஹென்றி ஜேம்ஸின் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'வில் பேய்கள் நிஜமா, அந்த ஆசிரியையின் மனப்பிரமையா?

1898இல் வந்தது முதல் ஓயாத வழக்கு. பிரமை என்ற கட்சிக்கு விமர்சகர் எட்மண்ட் வில்சனின் 1934 கட்டுரை பெரிய பலம். ஒரே வாசிப்பில் தீர்ப்பு எழுதாமல் இரண்டு நிற மையால் இரண்டு முறை படியுங்கள். ஒன்றில் 'அவள் கண்டது', மற்றதில் 'வேறொருவர் உறுதி செய்தது'. இரண்டாவது மை மிகக் குறைவாகவே விழும். ஏரிக்கரையில் அவள் சுட்டிக்காட்டியும் வீட்டு நிர்வாகி திருமதி குரோஸ் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை.

நிஜம் என்பவர்களின் வலுவான சான்று ஐந்தாம் அத்தியாயம். அவள் கேள்விப்பட்டே இராத ஆளின் செம்பட்டை முடி வரை வர்ணிக்க, குரோஸ் உடனே அது இறந்துபோன வேலையாள் குவிண்ட் என்கிறாள். இது அசைக்க முடியாதது போலத் தோன்றும். ஆனால் இரண்டாம் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். இளமையும் அழகும் உள்ளவர்களை அவனுக்குப் பிடிக்கும் என்று குரோஸ் வாய்தவறிச் சொல்லி, உடனே எஜமானரைத்தான் சொன்னேன் என்று திருத்துகிறாள். அந்த வீட்டில் இன்னொரு ஆண் இருந்தான் என்பது அப்போதே ஆசிரியையின் காதில் விழுந்துவிட்டது.

நூல் கணப்படுப்பைச் சுற்றிக் கதை கேட்கும் கூட்டத்தோடு தொடங்குகிறது, முடிவில் அந்தக் கூட்டத்துக்குத் திரும்புவதே இல்லை. கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்று தெரியாமலே கதவு சாத்தப்படுகிறது.

கேள்வி: 'வுதரிங் ஹைட்ஸ்' பெயர்கள் தலைசுற்ற வைக்கின்றன. எத்தனை கேத்தரின்?

இருவர், தாயும் மகளும். இரண்டு குடும்ப மரத்தையும் ஒரே தாளில் எதிரெதிராக வரையுங்கள். நடுவில் ஹீத்கிளிஃப் மட்டும் ஒற்றையாக. மூன்றாம் அத்தியாயத்தில் ஜன்னல் விளிம்பில் கீறியிருக்கும் பெயர்களைத் தாளின் மேலே எழுதுங்கள்: கேத்தரின் எர்ன்ஷா, கேத்தரின் ஹீத்கிளிஃப், கேத்தரின் லிண்டன். தாய் முதல் பெயரில் பிறந்து மூன்றாவதில் சாகிறாள். மகள் மூன்றாவதில் பிறந்து, நடுப்பெயரை மணந்து, முதல் பெயரை நோக்கிப் போகிறாள். நாவல் முழுவதும் அந்த ஒரு வரியை முன்னும் பின்னும் வாசிப்பதுதான்.

கேள்வி: ஷெர்லி ஜாக்சனில் எது முதலில்?

'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' (1959). முதல் பத்தியின் வரிகள் முடிவில் திரும்ப வரும், நடுவில் ஒரு உயிர் போயிருக்கும். வீட்டைப் பித்துப் பிடித்ததாகச் சொல்லும் அந்தத் தொடக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள்.

கேள்வி: தமிழில் இந்த வரிசையில் வைக்க ஏதாவது உண்டா அக்கா?

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. சொல்பவன் எழுத்தாளன், அதிலும் தூக்கம் வராதவன். இந்த இரண்டு தகவலும் முதலிலேயே வந்துவிடுகின்றன, முதல் வாசிப்பில் நாம் பொருட்படுத்துவதில்லை. இரண்டாம் முறை, இரவில் வரும் வாசனைகளை மட்டும் பின்தொடர்ந்து படியுங்கள்.

கேள்வி: 'ரெபெக்கா' படம் பார்த்துவிட்டேன். நாவலும் படிக்க வேண்டுமா?

கட்டாயம். 1940 படத்தில் மாக்சிமின் முதல் மனைவி ரெபெக்காவின் சாவு விபத்தாக மாற்றப்பட்டது, மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றித் தப்புவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி அனுமதிக்கவில்லை. 1938 நாவலில் மாக்சிம் அவளைச் சுடுகிறான். அதைக் கேட்ட இரண்டாம் மனைவிக்கு முதலில் தோன்றுவது அவர் ரெபெக்காவை நேசிக்கவே இல்லை என்ற நிம்மதி. நாமும் அவளோடு சேர்ந்து நிம்மதி அடைகிறோம். முடித்த கையோடு முதல் இரண்டு அத்தியாயங்களுக்குத் திரும்புங்கள். காலத்தால் அவைதான் கடைசி: வெளிநாட்டு விடுதி அறையில், சொந்தப் பெயரைக் கடைசி வரை நமக்குச் சொல்லாத அந்தப் பெண், கணவனுக்குக் கிரிக்கெட் செய்தி வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.