பிசின் வடியும் மரமா, தூள் கொட்டும் மரமா?

கேள்வி: காட்டை ஒட்டி எனக்கு ஆறு வருடத் தைலமரத் தோப்பு இருக்கிறது. இரண்டு வருடமாக மழை சரியில்லை. முதலில் காட்டு மரங்கள் காய்ந்தன. இப்போது என் தோப்பிலும் பத்துப் பதினைந்து மரங்கள் நுனியிலிருந்து காய்கின்றன. பட்டையில் துளை, அடியில் மரத்தூள். சிலவற்றில் சிவப்புப் பிசின் வடிகிறது. எந்த மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்து இருக்கட்டும். முதலில் ஒரு கத்தியோடு தோப்புக்குள் போய், காயும் மரங்களின் பட்டையை நாலு பக்கமும் லேசாகச் சீவிப் பாருங்கள். உள்ளே ஈரமாக, வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அந்தப் பக்கம் உயிர் இருக்கிறது. சுற்றிலும் பழுப்பேறி உலர்ந்துவிட்ட மரத்தை மறந்துவிடுங்கள்.

பிசினைத்தான் எல்லோரும் நோய் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் அது மரம் போடும் சண்டை. தண்ணீர் கிடைக்கும் மரத்தில், பட்டைக்குள் நுழையும் இளம்புழு ஈரத்திலும் பிசினிலும் மாட்டிச் செத்துப்போகும். பட்டை உலர்ந்துவிட்டால் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்த தைலமரத் துளைப்பான் வண்டு, வாடிய மரங்களைத்தான் அதிகம் சாய்த்தது. நீர் கிடைத்த மரங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. அங்கேயே 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியிலும், அதையொட்டிய பட்டை வண்டுத் தாக்குதலிலும் 10 கோடிக்கும் மேற்பட்ட காட்டு மரங்கள் மடிந்தன. ஆகவே பிசின் வடியும் மரத்தைக் காப்பாற்றப் பாருங்கள். பிசினே இல்லாமல் உலர்ந்த தூள் மட்டும் கொட்டுகிறதே, அதுதான் தோற்றுக்கொண்டிருக்கும் மரம்.

மேலே தெளிக்கும் மருந்து பட்டைக்குள் இருக்கும் புழுவைத் தொடாது. வேரில் ஊற்றினாலும், நீரோட்டம் நின்ற மரத்தில் மேலே ஏறாது. வீண் செலவு.

செத்த மரங்களையும் தூள் கொட்டும் மரங்களையும் வெட்டி, பட்டையை உரித்து, தோப்பை விட்டு வெளியேற்றுங்கள். பட்டையோடு தோப்போரம் அடுக்கினால் அடுத்த தலைமுறை வண்டு அங்கிருந்தே கிளம்பும். அப்புறம், நெருக்கமாக நிற்கும் நோஞ்சான் மரங்களையும் கழித்துவிடுங்கள். இருக்கும் ஈரத்தை மீதி மரங்களாவது குடிக்கட்டும். பச்சைக் கிளைகளை மட்டும் இப்போது கழிக்காதீர்கள். புதுக்காயத்தின் வாசனைக்கு வண்டு தேடி வரும்.

கொஞ்சம் தண்ணீர் இருந்தால் தோப்பு முழுக்கத் தெளித்துத் தீர்க்க வேண்டாம். பிசின் வடியும் மரங்களுக்கு மட்டும், தண்டை விட்டுத் தள்ளி, கிளை நிழல் விழும் வட்டத்தில் மெதுவாக, ஆழமாக இறங்கும்படி விடுங்கள். தினமும் கொஞ்சம் ஊற்றுவதைவிட இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நிறைய விடுவது மேல். மேலே சருகு மூடாக்கு போடுங்கள். யூரியா வேண்டாம், தளிர் விட்டால் தண்ணீர்த் தேவைதான் கூடும்.

காட்டு எல்லைக்குள் நிற்கும் மரங்களில் கை வைக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். நல்ல மழை பெய்த பிறகும் ஓரிரு வருடம் சில மரங்கள் காயலாம், வறட்சியில் அறுந்த வேர் உடனே வளராது. அதுவரை மாதம் ஒருமுறை மரத்தடியில் தூள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.