வாரம் ஒரு எலும்பு மாத்திரை போடும் அம்மாவுக்குத் தொடை வலிக்கிறது, மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: கடலூரில் இருக்கும் அம்மாவுக்கு வயது 68. எலும்பு மெலிந்துவிட்டதாகச் சொல்லி ஆறு வருடமாக வாரம் ஒரு மாத்திரை. ஒரு மாதமாக வலது தொடையில் வலி. இந்த மாத்திரையே தொடை எலும்பை உடைக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் அபூர்வம். உங்கள் அம்மா விஷயத்தில் அந்த ஒரு மாத வலியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அடுத்த வாரத்து மாத்திரையைக் கொடுக்காமல் வையுங்கள். ஓரிரு வாரம் தள்ளிப்போவதால் நஷ்டமில்லை, மருந்து எலும்பிலேயே வருடக்கணக்கில் தங்கியிருக்கும். நாளைக்கே ஆர்த்தோ டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அலென்ட்ரோனேட் 70 மி.கி., ரிசெட்ரோனேட் 35 மி.கி. என்றிருந்தால் வாரம் ஒன்று. ஐபாண்ட்ரோனேட் 150 மி.கி. என்றால் மாதம் ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை டிரிப்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிடும் இதே குடும்பம்தான். பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களை இவை அடக்கிவைப்பதால் எலும்பு கரைவது குறைகிறது. ஆனால் நடக்க நடக்க எலும்பில் விழும் நுண்ணிய விரிசல்களைத் தோண்டி எடுத்துப் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்குவதும் அதே செல்கள்தான். அந்த வேலை வருடக்கணக்கில் மந்தமானால், உடல் எடையால் எப்போதும் இழுபடுகிற தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் விரிசல் ஆறாமல் உள்நோக்கி வளரும். கடைசியில் விழாமலேயே, நடக்கும்போதோ நின்றபடி திரும்பும்போதோ, கட்டையைக் குறுக்கே அறுத்ததுபோல் முறியும்.

முறிவதற்குச் சில வாரமோ மாதங்களோ முன்பே, பலருக்குத் தொடையிலோ கவட்டையிலோ மந்தமான வலி வந்துவிடுகிறது. காலை ஊன்றினால் கூடும், உட்கார்ந்தால் குறையும். இதை முதுகு நரம்பு வலி என்றோ முட்டித் தேய்மானம் என்றோ நினைத்து எண்ணெய் தேய்ப்பதும் பிசியோதெரபிக்கு அனுப்புவதும் சாதாரணமாக நடக்கிறது. எக்ஸ்ரே எடுத்தாலும் முட்டிக்கோ இடுப்புக்கோ மட்டும் எடுப்பார்கள். விரிசல் நடுத்தொடையில் இருந்தால் படத்திலேயே வராது. அதனால் சீட்டில் இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: இரண்டு தொடை எலும்பும், இடுப்பு முதல் முட்டி வரை முழு நீளம், முன்பக்கமும் பக்கவாட்டும். வலிக்காத காலையும் எடுப்பது வீண் செலவில்லை, கணிசமான பேருக்கு இரண்டிலும் இருக்கும். படத்தில் தேட வேண்டியது வெளி ஓரத்தில் கொக்கு அலகுபோல் ஒரு தடிப்பு, அதில் மெல்லிய குறுக்குக் கோடு. படம் சுத்தமாக இருந்தும் வலி நீடித்தால் எம்ஆர்ஐ. மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் காட்டினாலும் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனாலும், எத்தனை வருடமாக எந்த மாத்திரை என்பதைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால் அதையும், அது அபாயத்தைக் கூட்டும்.

படம் எடுக்கும்வரை வாக்கரோடு நடக்கட்டும். மாடிப்படி வேண்டாம், பாண்டிக்கு நின்றபடி பஸ் பயணமும் வேண்டாம். கோடு தெரிந்தால் இந்த மாத்திரை அதோடு நின்றுவிடும். கால்சியமும் வைட்டமின் டி-யும் தொடரும். வலியோடு கோடும் இருந்தால், முறியும் முன்பே உள்ளே ராடு போடுவதைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். பயந்து தள்ளிப்போடாதீர்கள். முறிந்தபின் போட்டால் இந்த வகை முறிவு சேர மாதக்கணக்கில் இழுக்கும்.

இதைப் படித்துவிட்டு வலியே இல்லாதவர்களும் மாத்திரையைத் தூக்கிப் போட்டால் அதுதான் பெரிய தப்பு. 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, தென் கலிபோர்னியாவில் 50 வயது தாண்டிய ஏறக்குறைய 1.96 லட்சம் பெண்களின் பதிவுகளைப் பார்த்தது. அதன் மதிப்பீட்டில், ஆசியப் பெண்கள் 10,000 பேர் 3 வருடம் இந்த மருந்தை எடுத்தால் 91 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்படும். இந்த வகைத் தொடை முறிவு 8 பேருக்கு வரும். வெள்ளைக்காரப் பெண்களுக்கு அதே கணக்கு 149-க்கு 2. நம் பக்கத்துப் பெண்கள் சற்றுக் கூடுதலாகவே எச்சரிக்கையாக இருக்கலாம், ஆனாலும் லாபம் மருந்தின் பக்கம்தான். அபாயம் வருடங்களோடு ஏறுகிறது, நிறுத்தினால் வேகமாக இறங்குகிறது. அதனால்தான் மாத்திரை என்றால் 5 வருடம், டிரிப் என்றால் 3 வருடம் முடிந்ததும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பார்த்து, அபாயம் குறைந்தவர்களுக்கு இடைவெளி விடுகிறார்கள். ஏற்கெனவே இடுப்போ முதுகெலும்போ முறிந்தவர்களுக்குத் தொடரச் சொல்லலாம். உங்கள் அம்மாவுக்கு ஆறு வருடம் என்பதால், எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் இந்தக் கேள்வியை டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் 60 மி.கி. ஊசி வேறு ரகம். அதிலும் அபூர்வமாக இந்த முறிவு வருவதுண்டு. ஆனால் அதன் வேலை தவணை தாண்டியதும் தீர்ந்துவிடும். மாற்று மருந்து இல்லாமல் விட்டால் முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேல் நொறுங்கலாம். அந்த ஊசி போடுபவர்கள் தொடை வலித்தால் எக்ஸ்ரேவுக்கு ஓடலாம், ஊசியை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.