பி.காமை விடாமலே த்ரில்லர் எழுதலாம்

வணக்கம் அம்மா. உங்கள் மகள் பி.காமை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்தபடி த்ரில்லர் நாவல் எழுதப்போவதாகச் சொல்கிறார், எப்படித் தடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பை நிறுத்தக் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம். எழுதுவதைத் தடுக்கக் கூடாது என்பதில் அவர் பக்கம்.

அவருக்குப் பிடித்த எழுத்தாளர் ஜான் கிரிஷாம் என்று சொன்னது நல்லதாயிற்று. அந்த மனிதரின் கதையை இருவரும் சேர்ந்து படித்தாலே சண்டை பாதி குறையும்.

1955இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரியில் படித்தது இலக்கியம் இல்லை, அக்கவுண்டிங். பட்டம் வாங்கியது 1977இல். அப்புறம் 1981இல் சட்டம். வரி வக்கீலாக வேண்டும் என்பதுதான் திட்டம். கடைசியில் போனது கோர்ட்டில் வாதாடும் பக்கம். மிசிசிப்பியில் சவுத்ஹேவன் என்ற ஊரில் பிராக்டீஸ். 1983இல் மாநிலச் சட்டமன்றத்துக்கும் தேர்வானார். ஒருநாள் அந்த மாவட்ட கோர்ட்டில், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு சிறுமி சாட்சி சொல்வதைக் கேட்டார். அவளுடைய அப்பாவே குற்றவாளிகளைச் சுட்டுக் கொன்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்ததில் பிறந்ததுதான் முதல் நாவல். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, வேலை தொடங்கும் முன் எழுதி, முடிக்க மூன்று வருடம் ஆனது. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1989இல் ஒரு சின்னப் பதிப்பகம் 5,000 பிரதி அச்சிட்டது. அதில் 1,000 பிரதியை அவரே வாங்கி, காரில் போட்டுக்கொண்டு போய் விற்றார்.

எழுத்தில் காசு வராத அந்த நாட்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது வக்கீல் ஃபீஸில். அதனால்தான் பதறாமல், முதல் நாவலை முடித்த மறுநாளே அடுத்ததைத் தொடங்க முடிந்தது. அந்த இரண்டாவது நாவல்தான் ‘த ஃபர்ம்’. புத்தகம் வெளிவருவதற்கு முன்பே பாரமவுண்ட் நிறுவனம் திரைப்பட உரிமையை 6 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1991இல் வெளியாகி நியூயார்க் டைம்ஸ் இதழின் அதிகம் விற்கும் புத்தகங்கள் பட்டியலில் 47 வாரம் இருந்தது. தொழிலை விட்டது அந்தப் பணம் வந்த பிறகு.

‘த ஃபர்ம்’ நாவலின் நாயகன் ஒரு இளம் வரி வக்கீல். அவன் வேலைக்குச் சேரும் நிறுவனம் மாஃபியாவின் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குகிறது. அதாவது, உங்கள் மகள் இப்போது ‘போர் அடிக்கிறது’ என்று சொல்கிற வரவு செலவுக் கணக்குதான் அந்த நாவலின் முதுகெலும்பு. போலி ஜிஎஸ்டி பில், பெயருக்கு மட்டும் இருக்கும் கம்பெனி, ஏலச்சீட்டு மோசடி என்று நம் ஊரிலும் இதில் சரக்கு குவிந்து கிடக்கிறது. கணக்குப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது கதையாகக் கண்ணில் படும்.

பி.காம் முடித்ததும் என்ன செய்யலாம்? மூன்று வருட எல்.எல்.பி. என் முதல் தேர்வு. சாட்சி, குறுக்கு விசாரணை, ஜாமீன் மனு எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்க்கலாம். சி.ஏ.வும் நல்ல படிப்புதான், மோசடிக் கணக்குகளைத் தோண்டும் ஃபாரன்சிக் ஆடிட் பக்கம் போகலாம். ஆனால் ஆடிட்டரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தில் எழுத நேரம் கிடைப்பது கஷ்டம். நம் சுஜாதாவும் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர் வேலையில் இருந்துகொண்டுதான் எழுதிக் குவித்தார். ‘காலம் போய்விடும்’ என்று மகள் பயந்தால் த்ரில்லர் எழுத்தாளர் லீ சைல்டைச் சொல்லுங்கள். தொலைக்காட்சி நிறுவனத்தில் ஆட்குறைப்பில் வேலை போன பிறகு, நாற்பது வயதில்தான் அவர் முதல் நாவலுக்கு உட்கார்ந்தார். அது 1997இல் வெளிவந்தது.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழில் ராயல்டி பொதுவாகப் பத்து சதவீதம். 250 ரூபாய் புத்தகம் ஆயிரம் பிரதி விற்றால் கைக்கு வருவது 25,000 ரூபாய். முதல் நாவல் ஆயிரம் விற்பதே பெரிய விஷயம். வெப் சீரிஸ், சினிமா, ஆடியோ உரிமை என்று வந்தால்தான் பணம் பார்க்கலாம். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

மகளிடம் ஒன்று கேளுங்கள். தினம் 500 சொல். நாலு மாதத்தில் 60,000 சொல், ஒரு முழு நாவலின் முதல் வரைவு. அழகாக இருக்க வேண்டியதில்லை, கடைசி அத்தியாயம் வரை போயிருக்க வேண்டும். கல்லூரிக்குப் போய்க்கொண்டே இதைச் செய்ய முடியும். முப்பது பக்கத்தில் நின்றுவிட்டால் திட்டாதீர்கள். எங்கே நின்றது என்று கேளுங்கள், பெரும்பாலும் அவரே பதில் சொல்வார். முடித்துவிட்டால், க்ரைம் கதை விடாமல் படிக்கும் இரண்டு மூன்று வெளியாட்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் படிக்க வேண்டாம். அம்மா பாராட்டினாலும் தப்பு, குறை சொன்னாலும் தப்பு!

உங்களுக்கான வேலை அப்புறம் வரும், பதிப்பக ஒப்பந்தம் கைக்கு வரும்போது. எத்தனை வருடத்துக்கு உரிமை கொடுக்கிறோம் என்று அதில் எழுதவில்லை என்றால், நம் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். ஆனால் ‘எல்லா உரிமைகளும், நிரந்தரமாக’ என்று ஒரு வரி இருந்து அதில் கையெழுத்தும் போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு உதவாது. புத்தக உரிமை தனி, திரைப்பட உரிமை தனி, ஆடியோ உரிமை தனி என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.