ஆட்டுப் புழுவிலிருந்து எறும்புப் பூஞ்சை வரை: கேள்வி பதில்

கோத்தகிரி வாசகர்: சில ஆடுகளுக்குத் தாடைக்கு அடியில் பை மாதிரி வீங்குகிறது. அடிக்கடி மந்தை முழுக்கப் புழு மருந்து ஊற்றியும் அடங்கவில்லை, ஏன்?

ஈரல் புழுவாலும் இப்படி வீங்கும், அதனால் சாணப் பரிசோதனை செய்துவிடுங்கள். என் முதல் சந்தேகம் இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு மேல்தான். செத்த ஆட்டின் நான்காம் இரைப்பையை அறுத்தால் தெரியும்: இரண்டு மூன்று செ.மீ. நீளப் பெண் புழு, ரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கியிருக்கும். ஒரு புழு ஒரு நாளில் 5,000 முட்டைக்கு மேல் இடும். ரத்தத்தோடு புரதமும் போவதால்தான் தாடையில் நீர் கோக்கிறது.

மருந்து ஏன் தோற்கிறது? எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால், மருந்தைத் தாங்கிய புழு மட்டுமே மிஞ்சி முட்டையிடும். அடுத்த மழையில் புல்லெல்லாம் அதன் குஞ்சுகள்தான். கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். ரத்தம் குறைந்து அது வெளுத்திருக்கும் ஆட்டுக்கு மட்டும், எடை போட்டு முழு அளவு மருந்து கொடுங்கள். கண்மதிப்பில் அரை அளவு ஊற்றாதீர்கள்!

குட்டி ஈனும் சமயத்தில் தாய் ஆட்டின் எதிர்ப்புச் சக்தி தளரும், முட்டை கூடும். அப்போது கூடுதல் கவனம் வேண்டும்.

அதே கேள்வியில் கூடலூர் நண்பர்: புழுவை வேண்டுமென்றே விட்டுவைப்பதா? என் தாத்தா ஒன்றையும் விடமாட்டார்.

உங்கள் தாத்தா காலத்தில் மருந்துக்கு அடங்காத புழு அரிது, ஐயா. மருந்து படாத புழு கொஞ்சம் இருந்தால்தான் தாங்கும் புழுவோடு கலந்து அதன் வீரியத்தைக் குறைக்கும்.

மீண்டும் அவரே: வேப்பிலை போதும், மருந்துக் கம்பெனி ஏமாற்று.

நான் சொன்னதே மருந்தைக் குறைக்கத்தான்! கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? வேப்பிலை கொடுங்கள், இமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் அதை நம்பி உட்காராதீர்கள். எடை போடவும் மறக்காதீர்கள்.

ஊட்டி: முட்டைக்கோஸ் புழு மூளைக்குப் போகுமா?

(மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.) போகாது. கோஸிலிருக்கும் பச்சைப் புழு அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு, வயிற்றில் செரித்துவிடும். மூளையில் கட்டி வைப்பது பன்றி நாடாப்புழுவின் முட்டை. அது மனித மலத்தில் வருவது. கழிவுநீர் பாய்ந்த காய்கறியைச் சரியாகக் கழுவாமல் பச்சையாகத் தின்றால் ஆபத்து உண்டு. கழுவுங்கள், வேகவையுங்கள்.

குன்னூர் மாணவி: எறும்பை இலையில் கடித்துத் தொங்கவிடும் பூஞ்சை அதன் மூளையைப் பிடித்துவிடுகிறதாமே?

நல்ல கேள்வி அம்மா. 2017-இல் வந்த ஆய்வில், ஒஃபியோகார்டிசெப்ஸ் பூஞ்சை எறும்பின் தலைத் தசை நார்களைச் சுற்றி வலைபோலப் பின்னியிருந்தது, மூளைக்குள் மட்டும் நுழையவில்லை. மூளையைக் கெடுத்துவிட்டால் நடக்கும் எறும்பு கிடைக்காதே! வேதிப்பொருள் மூலம் மூளையையும் தொடலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கீழ்க் கோத்தகிரி: தேயிலைக் கொப்புள நோய்க்கு என்ன அடிக்கலாம்?

அதுவும் ஒட்டுண்ணிப் பூஞ்சைதான், 1946-இல் தென்னிந்தியாவுக்கு வந்தது. மருந்து என் துறையில்லை. குன்னூர் உபாசியில் (தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம்) கேளுங்கள்.

இன்னொருவர்: ஆட்டை எடை போடத் தராசு இல்லை, புழு மருந்தை உத்தேசமாக ஊற்றலாமா?

கூடாது. மந்தையிலேயே பெரிய ஆட்டை மட்டுமாவது பால் சொசைட்டியில் எடை போட்டு, அந்த அளவைப் பிடியுங்கள்.