30 பவுண்டும் ஒரு கடையும்

அம்மா, வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் மகன் கோல்ஃப்தான் வாழ்க்கை என்று ஒற்றைக்காலில் நிற்கிறான், "ஜெயிக்காவிட்டால் சோற்றுக்கு என்ன செய்வான்?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் ஜெயித்தால் மட்டும் சோறு வந்துவிடுமா? அதையும் யோசிக்க வேண்டும். எனக்கு அந்தக் காலத்து கோல்ஃப் ஆட்டக்காரர் ஜே. எச். டெய்லர் ஞாபகம் வருகிறார்.

1871-இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் நார்தம் என்ற ஊரில் பிறந்தவர். ஏழைக் குடும்பம், 11 வயதோடு பள்ளி முடிந்தது. (இதை உங்கள் மகனிடம் சொல்லாதீர்கள், இதை மட்டும் பிடித்துக்கொள்வான். டெய்லர் பிறகு தானாகவே படித்துத் தேறியவர்.) பக்கத்திலேயே வெஸ்ட்வர்ட் ஹோ கோல்ஃப் மைதானம். அங்கே மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக இருந்தார். வீட்டு எடுபிடி, தோட்டவேலை, கொத்தனாரிடம் கையாள் என்று கிடைத்த வேலைகளையும் செய்தார். ராணுவத்தில் சேரப் போனார். பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மைதானத்தில் புல்தரையைப் பராமரிக்கும் வேலையும் பார்த்தார்.

1894-இல் சாண்ட்விச் என்ற ஊரில் நடந்த ஓபன் என்னும் பெரிய கோல்ஃப் போட்டியில் ஜெயித்தபோது அவருக்கு வயது 23. அதுவரை இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரும் அந்தப் பட்டத்தை வாங்கியதில்லை. பரிசு? 30 பவுண்டு. அப்புறம் 1895, 1900, 1909, 1913 என்று மேலும் நான்கு முறை. நடுவில் ஒன்பது வருட இடைவெளியைப் பாருங்கள். அந்த ஒன்பது வருடமும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

எரிந்தது, கிளப் வேலையால். அந்தக் காலத்து கிளப் புரோவுக்கு, அதாவது கிளப்பில் வேலை பார்க்கும் தொழில்முறை ஆட்டக்காரருக்கு, ஒரு சின்னச் சம்பளம், உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் கட்டணம், மைதானத்தை ஒட்டிய கடையில் மட்டையும் பந்தும் விற்று, உடைந்ததைப் பழுதுபார்த்து வரும் காசு. டெய்லர் 1899-இல் லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் ராயல் மிட்-சர்ரே கிளப்பில் சேர்ந்து 1946 வரை இருந்தார். ஊர் நண்பர் ஜார்ஜ் கேனோடு கூட்டு சேர்ந்து மட்டை தயாரித்தார். மைதானங்களை வடிவமைக்கும் தொழிலிலும் இறங்கினார். கோப்பை பெயரைத் தந்தது. அந்தப் பெயரை வைத்துக் கடையை நடத்தினார்.

அந்தக் கடைக்கே ஆபத்து வந்தது. விற்பனையைப் புரோக்களிடமிருந்து எடுத்துவிடலாமே என்று சில கிளப்புகள் யோசிக்க ஆரம்பித்தன. 1901-இல் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சங்கம் பிறந்தது, முன்னின்றவர் டெய்லர், முதல் தலைவரும் அவரே. உறுப்பினர்கள் உட்காரும் கூடத்துக்குள் புரோக்களை விடாத காலம் அது. அவருடைய ஐந்து பட்டங்களையும்விட இந்தச் சங்கத்தைத்தான் நான் பெரிதாக நினைப்பேன். நான் மட்டையைத் தொட்டதுகூட இல்லை, என் ரசனை அப்படி!

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். "நீ ஜெயிப்பாயா?" என்று அவனிடம் கேட்காதீர்கள், அது அவனுக்கே தெரியாது. மைதானத்தில் ஆடுவது தவிர வேறு எது பிடிக்கும் என்று கேளுங்கள். சின்னப் பையன்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பானா? புல், மண், தண்ணீர் பற்றிப் பேசினால் காது கொடுப்பானா? மட்டையைப் பிரித்துப் பார்க்கும் கை உண்டா? கணக்கு வழக்கு? இந்த விடுமுறையில் ஒரு மாதம், விடிவதற்கு முன் புல்தரை ஆட்களோடு போய் வேலை செய்யட்டும். ஆடக் கூடாது, வேலை மட்டும்.

அந்த மாதம் முடிந்ததும் எழுதுங்கள். எந்தப் பட்டப்படிப்பு என்பதை அப்போது பேசுவோம்.